டைம்டேபிள் கான்ல போச்சு, இனி லீவ எப்படி ஓட்டுறது?

பொகவந்தலாவ பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து ஒரு தங்கச்சி நாலு பக்கத்துக்கு எழுதி அனுப்பியிருக்காங்க, சுருக்கமா சொல்றேன். வீட்டுக்காரர் கொழும்புல சாப்பாட்டு கடையில வேல, இவங்க கொழுந்து எடுக்குறாங்க, வீட்ல மாமியாரும் மூணு புள்ளைங்களும். மூத்தவளுக்கு 13, அடுத்தவனுக்கு 9, கடைக்குட்டிக்கு 4. ஏப்ரல் லீவு விட்டதுல இருந்து 10 மணிக்கு தான் எந்திரிக்கிறாங்களாம், போனுக்கு அடிபிடி, மலையில இருந்து வந்தா குசினிக்குள்ள கால் வைக்க ஏலாதாம். யூடியூப்ல ஒரு அம்மா சொன்னத பாத்து லீவு டைம்டேபிள் ஒண்ணு எழுதி செவுத்துல ஒட்டியிருக்காங்க, நாலாவது நாள் நடு மகன் அத பிச்சு கப்பல் செஞ்சு கான்ல ஓடுற தண்ணியில வுட்டுட்டான். "நான் என்னதான் செய்யிறது அக்கா?" இதுதான் கேள்வி.

தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க, எனக்கு மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு. ஒட்டுன அன்னைக்கே அத போட்டோ எடுத்து வச்சிருந்தது நல்லதா போச்சு, பாத்தேன். காலை 5.30 எழும்புதல், 5.45 தியானம், 6.30 படிப்பு, 8.00 சத்தான காலை உணவு, 10.00 கைவினைன்னு ராத்திரி 9 வரைக்கும் 17 கட்டம். வீடியோல பேசுற அந்த அம்மா பகல் பூரா வீட்லயே இருந்து புள்ளைங்கள பாக்குறவங்க, அவங்க ஊர்ல ஏப்ரல் மே வெயிலுக்குன்னு நீட்டு லீவு, சம்மர் வெக்கேஷன். நமக்கு அப்படி ஒண்ணே கெடையாது, ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர்னு மூணு தவணை லீவு, அதுலயும் ஏப்ரல் லீவுல பாதி புது வருஷத்துலயே கரைஞ்சிரும். இன்னொண்ணு, ஏப்ரல் மே தான் நம்ம பக்கம் கொழுந்து கொட்டுற காலம், கூட எடுத்தா கூட காசுன்னு நீங்களும் வழமைய விட லேட்டாதான் வர்றீங்க. அதாவது புள்ளைங்க பகல் பூரா வீட்ல இருக்குற மாசத்துல தான் அம்மா வீட்ல ரொம்ப கம்மியா இருக்காங்க. இத கணக்குல எடுக்காத டைம்டேபிள் எதுவா இருந்தாலும் கான்ல தான் போகும்.

நானும் இந்த தப்ப செஞ்சவ தான். உளவளத்துணை டிப்ளோமா முடிச்ச சூட்டுல என் மகனுக்கு ஸ்டிக்கர் ஒட்டுற சார்ட் ஒண்ணு செஞ்சேன், பல்லு வெளக்குனா ஒரு ஸ்டார், படுக்கைய மடிச்சா ஒரு ஸ்டார். ரெண்டாவது கெழம ஸ்டிக்கர் முடிஞ்சிருச்சு, டவுனுக்கு போய் வாங்க எனக்கு நேரமில்ல, அவன் பல்லு வெளக்குறதையும் நிப்பாட்டிட்டான். ஊர் புள்ளைங்களுக்கெல்லாம் புத்தி சொல்றவ வீட்ல இப்படி.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வரிசையா கட்டுன லயத்து வீட்ல அலுமாரி இருக்கோ இல்லையோ செவுத்துல ஆணி இருக்கும், கொடை ஒண்ணுல, கூடை ஒண்ணுல, ஸ்கூல் பேக் ஒண்ணுல, எது எங்கன்னு யாரும் எழுதி வைக்கல, ஆனாலும் கை தானா அங்க போகும். நாளுக்கும் அப்படி ஆணி ஏற்கனவே அடிச்சிருக்கு, நீங்க புதுசா அடிக்க வேணாம். நீங்க இடுப்புல படங்கு கட்டி மலைக்கு கெளம்புறது ஒரு ஆணி, பத்து மணி தேத்தண்ணி ஒண்ணு, பகல் கொழுந்து நிறுவை முடிஞ்சு நீங்க சோத்துக்கு வந்து போறது ஒண்ணு, அந்தி மழை ஒண்ணு, நீங்க திரும்ப வர்றது ஒண்ணு. மணி எத்தனையா இருந்தாலும் இந்த அஞ்சும் உங்க வீட்ல நடக்கும். ஒரு ஆணிக்கு ஒரே ஒரு வேலைய மாட்டுங்க, 17 கட்டம் வேணாம்.

மொத ஆணிதான் பெரிசு, அதனால அத கொஞ்சம் விரிவா சொல்றேன். நீங்க வாசல தாண்டும்போது மூணு பேரும் எந்திரிச்சு மூஞ்சி கழுவி கையில தேத்தண்ணியோட வாசல் இஸ்தோப்புல நிக்கணும், அவ்வளவுதான், படிப்பும் வேணாம் தியானமும் வேணாம். ராத்திரி சீக்கிரம் படுன்னு கத்துறது வீண், தூக்கம் வராத புள்ளைய எப்படி தூங்க வைப்பீங்க, ஆனா காலையில எழுப்புறது உங்க கையில இருக்கு, நாலு நாள் வெள்ளன எழுப்புனா அஞ்சாவது நாள் ராத்திரி 9 மணிக்கு அவனே சாஞ்சிருவான். 9 வயசு புள்ளைக்கு குறைஞ்சது 9 மணித்தியாலம் தூக்கம் வேணும், 13 வயசுக்கு 8 மணித்தியாலமாவது வேணும், அதனால நீங்க 4.30க்கு எந்திரிக்கிறீங்கன்னு அவங்களையும் அப்ப எழுப்பிறாதீங்க, 6.30 போதும். எழுப்புறப்ப "எத்தன தடவ சொல்றது"ன்னு ஆரம்பிக்காம ரொட்டிய தோசக்கல்லுல போட்டுட்டு எழுப்புங்க, வாசம் பாதி வேலைய பாத்துக்கும்.

கெளம்புறதுக்கு முன்னாடி பிளாஸ்க் நெறைய தேத்தண்ணி ஊத்தி வச்சிருங்க. இது சின்ன விஷயமா தெரியும், ஆனா பத்து மணிக்கு தேத்தண்ணிக்குன்னு அடுப்ப பத்த வச்சு கை சுட்டுக்கிட்ட புள்ளைங்க கத எத்தனையோ கேட்டுட்டேன். நீங்க இல்லாத நேரம் அடுப்பு பத்தவே கூடாது, மாமியார் பக்கத்துல இருந்தா மட்டும் சரி. அதே மாதிரி அம்மாவ தேடி மலைக்கு வர்றதும் கூடாதுன்னு சொல்லி வைங்க, குளவி கலைஞ்சா பெரியவங்களே ஓட ஏலாம மாட்டிக்கிறாங்க.

கடைக்குட்டி விஷயத்துல ஒண்ணு கேக்கணும், அக்கா வீட்ல இருக்காளேன்னு சொல்லி லீவு தொடங்குன அன்னையில இருந்து அவன புள்ளக்காம்பராக்கு, அதான் தோட்டத்துல சின்ன புள்ளைங்கள பகல்ல பாத்துக்குற எடத்துக்கு, அனுப்புறத நிப்பாட்டிட்டீங்க. ஏன்? லீவு ஸ்கூலுக்கு தானே, புள்ளக்காம்பராக்கு இல்லையே, தோட்டத்துல வேல நடக்குற நாளெல்லாம் அது தெறந்திருக்கும், அவனுக்கு அங்க கூட்டாளிங்க இருக்காங்க, பகல்ல படுக்க வைப்பாங்க. மூணு கெழம நிப்பாட்டிட்டு திரும்ப கொண்டு போய் விட்டா அழுது ஊர கூட்டுவான், அந்த பாட்டையும் நீங்க தான் படணும். நாளைக்கே அனுப்புங்க. உங்க வீட்டு சத்தத்துல பாதி அதோட கொறையும்னு நான் நெனைக்கிறேன்.

இப்ப மூத்தவள பத்தி. நீங்க எழுதுனத அப்படியே திருப்பி எழுதுறேன்: "அவ நல்ல புள்ள, எல்லாம் பாத்துக்குவா, இப்ப தான் என்னமோ சும்மா சும்மா எரிஞ்சு விழுறா." அதே கடுதாசியில அங்கங்க அவ செய்யிற வேலையையும் எழுதியிருக்கீங்க, நான் ஒரு தாள்ல கூட்டி பாத்தேன், பீலியில தண்ணி எடுக்குறது, கூட்டுறது, பாத்திரம், கடைக்குட்டிய குளிப்பாட்டி சோறு ஊட்டுறது, அப்பாயிக்கு சுடுதண்ணி, உடுப்பு தொவைக்கிறது, அந்திக்கு பருப்பு போடுறது. ஏழு. தம்பியோட பேருக்கு நேரா ஒண்ணு கூட இல்ல. 13 வயசு புள்ள லீவுல கூட ரெண்டு மணித்தியாலம் தன்னோட பாட்டுக்கு இருக்க முடியலன்னா எரிஞ்சு விழாம என்ன செய்வா? அவளுக்கு லீவு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

ஆம்பள புள்ளைக்கு வீட்ல என்ன வேலன்னு மாமியார் சொல்றாங்களாம். அவங்களோட சண்டைக்கு போகாதீங்க, அவங்க மகன் கொழும்புல பத்து பேருக்கு சோறு வடிச்சு எலை போட்டு கூட்டி பெருக்கி தான் வீட்டுக்கு காசு அனுப்புறார், அத ஒரு நாள் மெதுவா ஞாபகப்படுத்துங்க போதும். பையன்கிட்ட "அக்காவுக்கு ஒத்தாசையா இரு"ன்னு சொல்லாதீங்க, ஒத்தாசைன்னா அது அக்கா வேலை, நான் சும்மா கை குடுக்குறேன்னு தான் அவனுக்கு வெளங்கும். "தண்ணி உன்னோடது"ன்னு சொல்லுங்க. காலையில நீங்க கெளம்புன ஒடனே ரெண்டு சின்ன வாளி, பத்து மணி தேத்தண்ணிக்கு முன்னாடி இன்னும் ரெண்டு. மொத ரெண்டு நாள் பாதி தண்ணிய வழியிலேயே ஊத்திக்கிட்டு வருவான், காக்கொடம் தான் தேறும், யாரும் போய் அத நெறப்பி வைக்காதீங்க. குடிக்க பத்தலன்னா பத்தலன்னு சொல்லுங்க, திரும்ப போகட்டும். நாம பின்னாடியே போய் சரி செய்ய ஆரம்பிச்சா அந்த வேலை நம்ம கிட்டயே வந்துரும், எத்தன வீட்ல பாத்தாச்சு. மூத்தவகிட்ட இருந்து தண்ணியையும் பாத்திரத்துல பாதியையும் எடுத்துட்டு, பகல் சோத்துக்கு அப்புறம் மழை வர்ற வரைக்கும் அவள யாரும் கூப்பிடக்கூடாதுன்னு ஒரு சட்டம் போடுங்க. தூங்குறாளோ, தலைக்கு எண்ண வச்சுக்கிட்டு கூட்டாளியோட பேசுறாளோ, அது அவ பாடு.

மழைய ஏன் ஆணியா சொன்னேன்னா, மார்ச் ஏப்ரல்ல நம்ம பக்கம் காலையில வெயில் அடிக்கும், பகல் திரும்புனா மேகம் கூடி இடியோட கொட்டும், பெரும்பாலான நாள் இப்படித்தான், மணிக்கூடு கூட நிக்கும் இது நிக்காது. மேகம் கூடுன ஒடனே, இந்த ஆணிக்கு மட்டும் மூணு வேலை, கொடியில கெடக்குற உடுப்பு உள்ள வரணும், வெறகு தாவாரத்துக்கு போகணும், டிவி பிளக்கும் டிஷ் வயரும் கழட்டணும், அப்புறம் எல்லாரும் வீட்டுக்குள்ள. டிவி பிளக் பெரியவ கழட்டட்டும், அதுவும் இடி கேக்குறதுக்கு முன்னாடியே, இடி கேட்டதுக்கு அப்புறம் தொடக்கூடாது. நீங்க வேணும்னா பாருங்க, மத்த வேலைக்கெல்லாம் மூஞ்ச தூக்குற பையன் இதுக்கு மட்டும் கூப்பிடாமலே ஓடுவான், அவசரம்னா புள்ளைங்களுக்கு அவ்வளவு பிடிக்கும். போன வருஷம் ஒரு லயத்துல நான் பாத்தேன், ஒரு சின்னப்பய மேகத்த பாத்துட்டு பக்கத்து ஆறு வீட்டுக்கும் கத்திக்கிட்டே ஓடுறான், அந்த லயமே அவன் சத்தத்த நம்பி உடுப்பு காயப்போடுது.

போன். ஒரே போன், அப்பா கோல் எடுப்பார்னு வீட்ல வச்சிட்டு போறீங்க, ரீலோட் முடிஞ்சா சண்டை. போன ஒளிச்சு வைக்காதீங்க, கண்டுபிடிப்பாங்க. சாமி படத்துக்கு பக்கத்துல ஒரு எடம் குடுங்க, அது போனோட எடம், அப்பா கோல் எடுத்தா யாரு வேணும்னாலும் ஓடி எடுக்கலாம், மத்தபடி பகல் சோத்துக்கு அப்புறம் தான் கைக்கு வரும், இடி கேட்டா திரும்ப அங்க போயிரணும். அப்ப நேரத்த நீங்க அளக்க வேணாம், வானம் அளந்துக்கும். சில நாள் மழை ஏமாத்தும், அன்னைக்கு அதிகமா பாப்பாங்க, பாக்கட்டும். ஆனா கடைக்குட்டி கையில போன குடுத்து சோறு ஊட்டுற பழக்கம் வேணாம், 2ல இருந்து 4 வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்குன்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஸ்கிரீன் வேணாம், கம்மியானா இன்னும் நல்லதுன்னு. ஒரு விஷயம் சொன்னா வருத்தப்படாதீங்க, ராத்திரி நீங்களும் அசதியில படுத்துக்கிட்டு ஒரு மணித்தியாலம் நோண்டுறதா எழுதியிருக்கீங்க, நான் குறை சொல்லல, நானும் அதத்தான் செய்யிறேன், ஆனா புள்ளைங்க நம்ம வாயை விட நம்ம கைய தான் பாக்குதுங்க.

படிப்ப பத்தி நீங்க ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க, நான் சுருக்கமா முடிக்கிறேன். நாலாம் ஆண்டு முடிஞ்சு அடுத்த வருஷம் ஸ்கொலர்ஷிப் பரீட்சை, அதுக்காக லீவுல தினம் நாலு மணித்தியாலம் ஒக்கார வைக்கணும்னு யார் சொன்னது? பத்து மணி தேத்தண்ணி குடிச்ச கையோட அர மணித்தியாலம், அப்பாயி பக்கத்துல ஒக்காந்து சத்தமா வாசிக்கட்டும், அவங்களுக்கு எழுத்து தெரியாதுன்னு எழுதியிருந்தீங்க, அது இன்னும் நல்லது, கதை வெளங்குற மாதிரி வாசிச்சா தான் அவங்க விடுவாங்க.

கணக்குக்கு வேற ஒரு வழி இருக்கு, இது எனக்கு ரொம்ப பிடிச்சது. ஒரு சதுர ரூல் கொப்பி வாங்குங்க. அந்திக்கு நீங்க வந்து கால் கழுவி தேத்தண்ணிய கையில எடுத்ததும் பையன் கொப்பியோட வரட்டும். காலை நிறுவை எத்தன கிலோ, பகல் எத்தன, அந்திக்கு எத்தன, சாக்குக்கும் ஈரத்துக்கும்னு எத்தன கழிச்சாங்க, அவன் எழுதி கூட்டி மிச்சத்த சொல்லணும், தேதி போடணும். மாச கடைசியில சம்பள துண்டு வந்ததும் ரெண்டையும் பக்கத்துல வச்சு பாருங்க. கூட்டல் கழித்தல் தானா வரும், அதோட அம்மா ஒரு நாளைக்கு எத்தன கிலோ முதுகுல தூக்குறாங்கன்னு அவன் கையாலேயே எழுதுவான். நான் பாத்த ஒரு வீட்ல கொப்பியும் துண்டும் ஒத்துப்போகல, மூணு நாள் கணக்கு விடுபட்டிருந்துச்சு, அந்தம்மா கொப்பிய எடுத்துக்கிட்டு போய் பேசுனாங்க, திருத்தி குடுத்தாங்க. கொப்பி எழுதுன அந்த வீட்டு பொண்ணுக்கு அப்புறம் கணக்கு பாடம்னா தனி மதிப்பு.

இதுல இன்னொண்ணும் இருக்கு. இப்ப நீங்க வந்த ஒடனே என்ன நடக்குது, "ஏன் பாத்திரம் கெடக்கு, ஏன் இவன் அழுறான், யாரு கண்ணாடிய ஒடைச்சது"ன்னு வாசல்லேயே விசாரண தொடங்கிருது, நாலு பேருக்கும் மூடு போயிருது. தேத்தண்ணி, கொப்பி, அப்புறம் தான் மத்ததெல்லாம்னு வச்சா கால் மணித்தியாலம் நீங்க ஒக்காந்திருப்பீங்க. நாள் பூரா நின்ன கால் அது.

புது வருஷத்துக்கு வீட்டுக்காரர் பத்து நாள் லீவுல வருவாராம், அவர் வந்தா எல்லாம் தலகீழா போயிரும்னு இப்பவே பயப்படுறீங்க. போகட்டுமே. 13, 14ஆம் தேதியில பலகாரம் சுடுற வீட்ல யாரு வாளி எண்ணிக்கிட்டு இருப்பா. லண்டன்ல ஒரு பல்கலைக்கழகத்துல 96 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி செஞ்சாங்க, 2010ல வந்துச்சு, ஒரு புது பழக்கத்த தினமும் நடக்குற ஏதாவது ஒண்ணோட சேத்து செய்ய சொன்னாங்க, காலை சாப்பாடு முடிஞ்ச ஒடனேங்கிற மாதிரி. அது தானா வர சராசரியா 66 நாள் ஆச்சு, சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரைக்கும் போகும்னு கணக்கு வந்துச்சு, ஒரு நாள் விட்டு போனதால பெரிசா எதுவும் கெட்டு போகல. நம்ம லீவு மொத்தமே 66 நாள் இல்ல, அதனால லீவு முடியிறதுக்குள்ள புள்ளைங்க திருந்திருவாங்கன்னு நீங்களும் எதிர்பாக்காதீங்க. அவர் இருக்குற பத்து நாளும் காலையில எந்திரிக்கிறதும் கொப்பியும் மட்டும் நடக்கட்டும். "நான் வந்துட்டேன்ல, வுடு"ன்னு அவர் சொல்றதுக்கு முன்னாடி போன்லயே இந்த ரெண்டையும் சொல்லி வைங்க. புள்ளைங்க ஏப்ரல்ல நடக்குற நுவரெலியா சீசன் பாக்கணும்னு கேக்குறாங்கன்னா ஒரு நாள் போயிட்டு வாங்க, புது வருஷத்த ஒட்டி சனம் நெரியும், நாள் தள்ளி போங்க, சோறு கட்டிக்கிட்டு போங்க, அங்க விக்கிற வெலைக்கு ஒரு கெழம சாமான் வாங்கலாம்.

கடுதாசி கடைசியில ஒரு வரி எழுதியிருக்கீங்க, பக்கத்து லயத்து ஆள் ஒருத்தர் மூத்தவள லீவுக்கு மட்டும் கொழும்புல ஒரு வீட்டுக்கு ஒத்தாசைக்கு அனுப்புங்கன்னு கேட்டாராம், நல்ல எடமாம், சம்பளமும் தர்றாங்களாம். வேணாம் தங்கச்சி. 2021ல சட்டத்த திருத்தி வேலைக்கு போற வயச 16 ஆக்கிட்டாங்க, லீவுக்கு மட்டும்ங்கிறது சட்டத்துல இல்ல. லீவுக்குன்னு போன புள்ளைங்க தவணை தொடங்குனதுக்கு அப்புறமும் வராம போனத நான் பாத்திருக்கேன். அந்த ஆள் திரும்ப திரும்ப வந்து நெருக்குனா 1929க்கு கோல் எடுங்க, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையோட நம்பர், காசு போகாது, தமிழ்ல பேசலாம்.

எல்லாத்தையும் ஒரே நாள்ல தொடங்காதீங்க. இந்த கெழம பிளாஸ்க், எழுப்புறது, புள்ளக்காம்பரா. அடுத்த கெழம வாளியும் கொப்பியும். செவுத்துல எதுவும் ஒட்ட வேணாம். டைம்டேபிள பாத்து மாமியார் வாய் விட்டு சிரிச்சாங்கன்னு எழுதியிருந்தீங்களே, அவங்களுக்கு இஸ்தோப்புல நெழல் எங்க விழுதுன்னு பாத்தே மணி தெரியும், நாப்பது வருஷம் காலையில பேர் குடுக்குற பெரட்டுக்கு போனவங்க. "தண்ணி எடுக்குற நேரம், தேத்தண்ணி நேரம், மழ வருது"ன்னு சத்தம் போடுற வேலைய அவங்களுக்கு குடுத்துருங்க. எப்படியும் போடத்தான் போறாங்க.